கோலி

ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
எட்டே முக்காலுக்கே வாசலில் நின்றான்
விற்கிறவன், ரூலோஃப்.
மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை.
பரிசோதனை வீட்டுக்குத்தான் என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை போல.

குரோனிங்கனில் இந்தப் பக்கத்து ஊர்களில்
காலடி மண்ணிலிருந்து வாயுவை
அறுபது வருடம் உறிஞ்சினார்கள்.
மண் அவ்வப்போது தோளைக் குலுக்கிக்கொண்டது.
பார்க்கப் போகும் வீட்டிலெல்லாம்
கையெழுத்துப்போல் ஒரு விரிசல் இருக்கும்.
ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

என் பையில் டார்ச், ரசமட்டம், ஈரமானி,
விரிசலின் அகலம் பார்க்கக் கோடு போட்ட கண்ணாடித் தகடு,
ஒரு நீலக் கோலி.

வாங்க வந்தவர்கள் வுப்போவும் சீட்ஸ்கெயும்.
அவன் கூரையைப் பார்த்தான், அவள் விலையைப் பார்த்தாள்.
நான் ஓடுகளுக்கடியில் தவழ்ந்தேன்.
மூன்று உத்தரங்களில் ஒன்றில் புழு,
பழைய புழு, பசி தீர்ந்த புழு.
புகைபோக்கிக்குள் காகம் கட்டிவைத்த பாதிக் கூடு.
குளியலறைச் சுவரில் ஈரமானி இருபத்திரண்டு காட்டியது.
"ஈரம் இருக்கிறது" என்றேன்.
"இருக்கும்" என்றான் ரூலோஃப்,
சுவரைப் பற்றிப் பேசாதவன்போல.

அறைக்கு அறை பின்னால் வந்தான்.
கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான்.
கொதிகலன் போன வருடம்தான் மாற்றினேன்.
அந்தக் கதவு குளிர்காலத்தில் மட்டும் ஒட்டும்.
படுக்கையறையில் மட்டும்
ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கோலியைத் தரையின் நடுவில் வைத்தேன்.
ஒரு கணம் யோசித்தது.
பிறகு, வழி தெரிந்தவன் நடையில்,
வடக்குச் சுவர் நோக்கி உருண்டு
கருவாலிமர அலமாரிக்கு அடியில் போய்
டக்கென்று எதிலோ மோதி நின்றது.

"எடுக்க வேண்டுமா?" என்றான்.
"எடுக்க வேண்டும்" என்றாள் சீட்ஸ்கெ.

நான்கு பேர் தள்ளி அலமாரி நகர்ந்தது.
பின்னால், மேற்கூரையிலிருந்து தரைக்கு
படிக்கட்டுபோல் இறங்கியது விரிசல்.
அதன் குறுக்கே பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் அளவு.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில்: மூன்று மில்லிமீட்டர்.
பக்கத்திலேயே நிமிர்ந்த எழுத்தில்: இரண்டு.
அடுத்த மார்கழிக் குளிரில்: நான்கரை.
கீழே: மூன்று. நன்றாகப் பார்.
அதற்கும் கீழே: கண்ணாடி போட்டுக்கொள்.
ஒன்பது வருடச் சண்டை,
சுண்ணாம்பின் மேல், சத்தமே இல்லாமல்.
கடைசிக் கோட்டில் சாய்ந்த எழுத்து மட்டும்: ஆறு.
அதை யாரும் மறுக்கவில்லை.

"என் மனைவி எதையும் கூட்டித்தான் சொல்வாள்"
என்றான் ரூலோஃப்.
பிறகு, "முன்னாள்" என்றான்.

தகட்டை விரிசல்மேல் வைத்தேன்.
டார்ச்சைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து,
இரண்டு இடத்தில் பார்த்தேன்.
படிவத்தில் எழுதினேன், கையால் மறைத்தபடி.
வுப்போ எட்டிப் பார்த்து, "நான்கு இருக்குமா?" என்றான்.
"ஐந்தாவது இருக்கும்" என்றாள் சீட்ஸ்கெ.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அங்கே என் கருவிகளுக்கு வேலையில்லை.

தோட்டத்தில் கேட்டாள்:
"நீங்களாயிருந்தால் வாங்குவீர்களா?"
எல்லோரும் கேட்பார்கள்.
அஸ்திவாரம் அசையவில்லை என்றேன்,
தைத்துச் சரிசெய்ய இவ்வளவு ஆகும் என்றேன்.
என் சொந்த வீட்டில்
சமையலறைக் காலண்டரை மாட்டியிருக்கும் இடத்தை
நான் இதுவரை அளந்ததில்லை என்று
சொல்லவில்லை.

அறிக்கை பணம் கொடுத்தவருக்கு மட்டும்.
விற்கிறவனுக்கு ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது;
பன்னிரண்டு வருடமாக மீறாத விதி.
இரவு எட்டு மணிக்கு ரூலோஃப் கூப்பிட்டான்.
வாங்குவார்களா என்று கேட்கவில்லை.
ஈரத்தைப் பற்றியோ புழுவைப் பற்றியோ கேட்கவில்லை.
"எவ்வளவு?" என்றான்.

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.
"ஆறு" என்றேன்.
"ஆறேகாலா, ஆறா?"
"ஆறு."

"சரி" என்றான்.
யாருக்கோ உடனே சொல்லியாக வேண்டியவன்போல
அவசரமாக வைத்துவிட்டான்.